கிளட்சை மிதித்தது யார் கால்? ஓர் ஓட்டுநர் பயிற்சியின் கணக்கு

என் அக்காவிடம் லைசென்ஸ் இருந்தது, வாசலில் கார் இருந்தது, ஓட்டத்தான் தெரியவில்லை. பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டிச் சேர்ந்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தேர்ச்சியும் பெற்ற பிறகு, நான்கு மாதம் அந்த வண்டி உறை போட்டே நின்றது. பிறகு வேறொரு மாஸ்டரிடம் ஒன்பது மணி நேரம் கற்றாள். இன்று அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டிப் போய் வருகிறாள். இரண்டு இடத்திலும் பயிற்சிக்கென்று போன பணம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் எங்கே இருந்தது என்பதை, கையில் உள்ள குறிப்புகளை வைத்து இங்கே எழுதுகிறேன். டிரைவிங் ஸ்கூலில் காசு கட்டப் போகிறவர்கள் கட்டுவதற்கு முன் இதைப் படித்தால் எனக்கு மகிழ்ச்சி.

பின்னணி

அக்காவுக்கு 43 வயது. திருச்சியில், ஸ்ரீரங்கத்தில் அம்மாவோடு இருக்கிறாள். மாமாவுக்கு மஸ்கட்டில் வேலை. அவர் விட்டுப்போன வேகன்ஆர் வீட்டு வாசலில் நிற்கிறது, கியர் வண்டி. அம்மாவுக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து வாரம் இரண்டு நாள் தில்லைநகரில் பிசியோதெரபி. ஆட்டோவில் காலை மடக்கி ஏறுவது அம்மாவுக்குப் பெரும் வேதனை. ஆகவே அக்காவின் தேவை மிகத் தெளிவானது: ஸ்ரீரங்கத்துத் தெருவிலிருந்து வண்டியை வெளியே எடுத்து, மாம்பழச்சாலை வழியாகப் பாலம் ஏறி, அண்ணா சிலை சந்திப்பைக் கடந்து, தில்லைநகர்க் குறுக்குத் தெரு ஒன்றில் ஓரமாக நிறுத்த வேண்டும். திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். ஊட்டிக்கு ஓட்டிப் போகும் ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை.

முதலில் சேர்ந்த பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊரில் பலரும் போகிற இடம்தான். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட்டு, 20 நாள் பயிற்சி கொடுத்து, லைசென்ஸும் வாங்கித் தருவதற்கு மொத்தம் 7,500 ரூபாய். இதில் பயிற்சிக்கு எவ்வளவு, லைசென்ஸ் வேலைக்கு எவ்வளவு என்று அக்கா கேட்டபோது 5,000, 2,500 என்று வாய்வழியாகப் பிரித்துச் சொன்னார்கள். மத்திய விதிகளில் உள்ள கட்டணம் ஒரு வகை வண்டிக்கு எல்.எல்.ஆருக்கு 150, அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டுநர் தேர்வுக்கு 300, உரிமத்துக்கு 200, ஆக 700 ரூபாய். தபால், சேவைக் கட்டணம் என்று கொஞ்சம் கூடும். நாற்பது வயதைத் தாண்டியவர் என்பதால் டாக்டரிடம் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றும் வாங்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் கழித்தாலும் லைசென்ஸ் வேலையில் பள்ளிக்கு நல்ல மிச்சம் உண்டு. இது பின்னால் முக்கியமாகிறது.

முதல் பயிற்சி

மூன்றாம் நாள் அக்கா போனில் சொன்னாள்: “நல்லா ஓட்டுறேன்டா. மாஸ்டர் ரொம்பத் தங்கமான பையன். ஆனா அரை மணி நேரம்னு சொன்னாங்க, சட்டுனு முடிஞ்சிடுது.” எனக்கு எதையும் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. “ஸ்டியரிங்கில் உட்கார்ந்த நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் தினசரிக் காலண்டர் தாளில் எழுதி வை” என்றேன். நான்காம் நாளிலிருந்து எழுதினாள். இடையில் மூன்று நாள் நானும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன்.

அங்கே பார்த்தது இதுதான். வண்டி காலையில் வரும்போதே உள்ளே ஒருவர் ஓட்டிக்கொண்டு வருவார். அவர்தான் எங்கள் வீடு வரை ‘பயிற்சி’ எடுத்தவர். அவர் பின்னால் மாறி உட்கார, அக்கா ஸ்டியரிங்கில் உட்காருவாள். அக்காவின் பயிற்சி என்பது, அடுத்து கற்க வேண்டியவரின் வீட்டுக்கு வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அங்கே அவர் ஏற, அக்கா பின்னால் போவாள். அப்புறம் அவர் ஓட்ட, முதலாமவரையும் அக்காவையும் வீட்டில் விட்டுவிட்டு வண்டி போய்விடும். அரை மணி நேரம் வண்டிக்குள் இருந்தது உண்மை. ஓட்டுநர் இருக்கையில் இருந்தது நான் பார்த்த மூன்று நாளில் 13, 16, 13 நிமிடம். அவளுடைய குறிப்புகளின் சராசரியும் 14 நிமிடம்தான்.

பின் இருக்கையின் நடுவில் இருந்து பார்த்தால் மாஸ்டரின் முழங்கால் ஏறி இறங்குவது தெரியும். பயிற்சி வண்டியில் இடப்பக்கமும் கிளட்ச், பிரேக் பெடல்கள் இருக்கும், டபுள் கன்ட்ரோல் என்பார்கள். விபத்தைத் தடுக்க அது கட்டாயம் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளும் பள்ளியின் கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆனால் இங்கே அது விபத்துக்காக மட்டும் பயன்படவில்லை. வேகத்தடை வந்தால் மாஸ்டரின் கால் இறங்கும். சிக்னலில் நின்று எடுக்கும்போது இறங்கும். கியர் மாற்றும்போது “மேடம், கியரை மட்டும் போடுங்க” என்பார், கிளட்ச் அவர் காலில் இருக்கும். திரும்பும் இடங்களில் அவருடைய வலது கை ஸ்டியரிங்கின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்திருக்கும். மூன்று நாளில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுத்தது 31 முறை. அவர் கால் படாமல் அக்காவே எடுத்தது ஐந்து முறை.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. நம்பாததில் தவறில்லை, அவள் காலும் பெடல் மேல்தானே இருந்தது? அந்த வண்டியில் இரண்டு பக்கத்துப் பெடல்களும் ஒரு கம்பியால் இணைந்தவை. மாஸ்டர் மிதித்தால் அவளுடைய பெடலும் சேர்ந்து இறங்கும். மறுநாள் கவனித்துவிட்டுச் சொன்னாள்: “ஆமாண்டா. என் காலுக்குக் கீழேர்ந்து பெடல் அதுவா நழுவிப் போகுது.” டிரைவிங் ஸ்கூலில் இருக்கும் எவரும் நாளையே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தோடு ஓட்டினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

பதினைந்தாம் நாள் சென்னை பைபாஸில் கூட்டிப்போனார்கள். “அறுபதுல போனேன்!” என்று அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நான் கெடுக்கவில்லை. ஆனால் கற்றுக்கொள்பவருக்குப் பைபாஸ்தான் மிகச் சுலபமான சாலை. மேல் கியரில் போட்டுவிட்டால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் போதும், கிளட்சுக்கு வேலையே இல்லை. கடினம் என்பது அண்ணா சிலைக்குப் பக்கத்தில் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் அங்குலம் அங்குலமாக நகர்வது. 20 நாளில் அது ஒரு முறைகூட நடக்கவில்லை.

20 நாளில் வண்டி வந்தது 16 நாள். குறிக்காத முதல் மூன்று நாளுக்கும் அதே சராசரியைப் போட்டால் மொத்தம் 224 நிமிடம், அதாவது 3 மணி 44 நிமிடம். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் முடிந்த பிறகுதான் தேர்வுக்குப் போக முடியும். போனாள். வண்டியை எடுத்து, கியர் மாற்றி, திரும்பி, நிறுத்தினாள். சில நிமிடங்களில் முடிந்து, லைசென்ஸ் தபாலில் வந்தது.

நின்ற நான்கு மாதம்

லைசென்ஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் வண்டியை முதல்முறையாக எடுத்தாள். வாசலை விட்டு நகர்வதற்குள் நான்கு முறை ஆஃப் ஆனது. ஐந்தாம் முறை துள்ளிக்கொண்டு போய் எதிர்வீட்டுத் துளசி மாடத்துக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. இறங்கி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். “எனக்கு வயசாயிடுச்சு, இதெல்லாம் இனிமே வராது” என்றாள். பணம் போனதைவிட எனக்கு அதிகம் வலித்தது இந்த வார்த்தைதான். மோசமான பயிற்சியின் உண்மையான செலவு இங்கேதான் இருக்கிறது: கற்றுக்கொடுக்கப்படாததை, தனக்கு வராது என்று ஒருவர் எடுத்துக்கொள்கிறார்.

பள்ளி மீது எனக்குக் கோபம் உண்டு, அந்த மாஸ்டர் மீது இல்லை. காலை ஆறு மணிக்கு வண்டியில் உட்கார்ந்தால் இரவு வரை இறங்காத பையன். சந்திப்பில் வண்டி ஆஃப் ஆனால் பின்னால் ஹார்ன் அடிப்பவர்களின் ஏச்சு அவருக்குத்தான். அடுத்த ஆள் வீட்டு வாசலில் காத்திருப்பார். அந்த நெருக்கடியில் தானே கிளட்சை மிதித்துவிட்டால் அவருக்கு நேரம் மிச்சம். பள்ளிக்கோ, லைசென்ஸ் வந்துவிட்டால் கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு அக்கா ஓட்டினாளா என்று கேட்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

முன்பு சொன்ன மத்திய மோட்டார் வாகன விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. சொந்தக் கார் ஓட்டக் கற்பவர்களுக்குப் பயிற்சிக் காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது, உண்மையில் ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. ஓட்டிய நேரத்தைப் பதிய படிவம் 15 என்று ஒரு பதிவேடும் வைத்திருக்க வேண்டும். பின்னொரு நாள் நான் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அக்காவின் பெயருக்கு நேரே நேரம் முழுதாக நிரம்பியிருந்தது, அவள் கையெழுத்தும் இருந்தது. சேர்ந்த அன்றே சில தாள்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அவளும் படிக்காமல் போட்டிருக்கிறாள். தயவுசெய்து யாரும் இப்படி முன்கூட்டிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஓட்டிய நேரம் குறைவு என்று கேட்பதற்கு நம் கையில் இருக்கும் ஒரே தாள் அதுதான்.

இரண்டாவது மாஸ்டர்

அம்மாவின் பிசியோதெரபிக்கு வரும் இன்னொரு அம்மாள் சொல்லித்தான் இவரைப் பற்றித் தெரிந்தது. ஸ்ரீரங்கத்திலேயே சின்னதாக ஒரு பள்ளி நடத்துகிறார், அறுபதை ஒட்டிய வயது. உரிமச் சான்று சுவரில் மாட்டியிருந்தது. பேக்கேஜ் எதுவும் இல்லை, மணிக்கு 600 ரூபாய், அன்றன்றைக்குக் கொடுத்தால் போதும். முதலில் அது எனக்கு விலை கூடுதலாகத்தான் பட்டது.

அவர் கேட்ட முதல் கேள்வி: “எங்கம்மா ஓட்டிட்டுப் போகணும்?” அக்கா தில்லைநகர் கதையைச் சொன்னாள். எந்த நாள், எத்தனை மணிக்கு, அம்மா முன்னால் உட்காருவார்களா பின்னாலா என்று கேட்டுவிட்டு, “சரி, அப்ப பாலத்துல நின்னு எடுக்கறதும், ஓரமா நிறுத்தறதும்தான் நமக்குப் பாடம்” என்றார். முந்தைய இடத்தில் எவரும் கேட்காத கேள்வி அது. பயிற்றுநரை எடைபோட ஒரே ஒரு அறிகுறிதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

முதல் நாள் காலை ஐந்தரைக்குப் பஞ்சக்கரை சாலைக்குப் போனோம். ஒரு மணி நேரமும் ஒரே வேலை. ஆக்சிலேட்டரைத் தொடக் கூடாது. கிளட்சை மட்டும் மெல்ல விட்டு வண்டியைப் பத்தடி முன்னே நகர்த்தி நிறுத்த வேண்டும், பத்தடி பின்னே நகர்த்தி நிறுத்த வேண்டும். இப்போதைய பெட்ரோல் வண்டிகள் சமதரையில் ஆக்சிலேட்டர் இல்லாமலே நகரும். கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கால் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பது அவர் கருத்து. “காதைக் குடும்மா. எஞ்சின் சத்தம் கம்மியாகுதா? அங்கதான் பிடிக்குது. அங்கயே காலை நிறுத்து.” பின்னால் உட்கார்ந்து நான் எண்ணினேன், 40 தடவை. முதல் பத்தில் ஆறு முறை ஆஃப் ஆனது, கடைசிப் பத்தில் ஒரு முறையும் இல்லை. அந்த நேரம் முழுக்க மாஸ்டர் இரண்டு கால்களையும் இருக்கைப் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, கையைக் கட்டியபடி இருந்தார்.

பிரிட்டனில் ஓட்டுநர் பயிற்றுநர்களை மதிப்பிடும் முறை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அங்கே தேர்வாளர் பின் இருக்கையில் அமர்ந்து, ஒரு முழுப் பாடத்தில் பயிற்றுநர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பார்ப்பார். பாடத்தைத் திட்டமிடுவது, ஆபத்தைக் கையாள்வது, கற்பிக்கும் முறை என்று மொத்தம் 51 மதிப்பெண். 43 அல்லது அதற்கு மேல் வாங்கினால் ஏ கிரேடு, 31 முதல் 42 வரை பி. நம் விதிகள் பயிற்றுநருக்குப் பத்தாம் வகுப்பும், ஐந்து ஆண்டு ஓட்டிய அனுபவமும், மோட்டார் மெக்கானிக் சான்றும் கேட்கின்றன. அவர் நன்றாக ஓட்டுவார் என்பதற்கு இவை சான்று. கற்றுக்கொடுப்பாரா என்பதைப் பின் இருக்கையில் ஏறி நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வீட்டில் ஒருவர் ஒரு நாள் கூடப் போனால் போதும்.

மூன்றாம் மணி நேரத்தில் அவர் டபுள் கன்ட்ரோலை ஒரு முறை பயன்படுத்தினார். நின்றிருந்த பேருந்துக்கு முன்னாலிருந்து ஒரு பெரியவர் சாலைக்கு வந்துவிட்டார். அக்கா பார்க்கவில்லை. வண்டி நின்றதும் மாஸ்டர் சொன்னார்: “இது நான் போட்ட பிரேக்கும்மா, நீ போட்டது இல்ல.” சுற்றி வந்து அதே பேருந்து நிறுத்தத்தை மூன்று முறை கடக்க வைத்தார். அதிலிருந்து, முன்னால் தெரிவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்தார். “பஸ் நிக்குது, முன்னாடி ஆள் வரலாம். சைக்கிள் பையன், திரும்பலாம்.” ஒரு மாணவியின் கண் எங்கே போகிறது என்று பக்கத்து இருக்கையிலிருந்து தெரிந்துகொள்ள வேறு வழி ஏது?

ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முழுதாகப் போனது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, கிளட்ச் பிடித்து வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்பும்போது ஹேண்ட் பிரேக்கை விடுவது. ஐந்தாம் மணியிலிருந்து “உன் வண்டியை எடும்மா” என்றார். லைசென்ஸ் ஏற்கெனவே இருந்ததால் சொந்த வண்டியில் பழகுவது சாத்தியமானது. எல்.எல்.ஆரோடு இருப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். சிவப்பு ‘எல்’ பலகையை மட்டும் அந்த வண்டியிலும் மாட்டி வைத்திருந்தோம்.

ஆறாம் மணி நேரம்தான் திருப்பம். மாலை ஐந்தே முக்கால். காவிரிப் பாலத்தில் ஏறும்போது ஓர் ஆட்டோ குறுக்கே வர, அக்கா பிரேக் அடித்தாள், வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் நகரப் பேருந்தின் ஹார்ன். அக்காவின் கழுத்து வியர்த்ததை நான் பார்த்தேன். மாஸ்டர் அசையவில்லை. “அவங்க அடிக்கட்டும். உன் வேலைய நீ பாரு. கிளட்சை மிதி, நியூட்ரல் போடு, சாவியத் திருப்பு.” இரண்டாம் முறையும் ஆஃப் ஆனது. அப்போதும் அவர் சாவியைத் தொடவில்லை. மூன்றாம் முறை வண்டி எடுத்தது. பாலத்தைக் கடந்து ஓரமாக நிறுத்தச் சொல்லி, “இதைவிட மோசமா இனிமே உனக்கு எதுவும் ஆகாதும்மா” என்றார். அந்த ஒன்றரை நிமிடத்துக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

கணக்கு

முதல் பள்ளியில் பயிற்சிக்கு 5,000 ரூபாய், ஓட்டியது 224 நிமிடம். நிமிடத்துக்கு 22 ரூபாய், மணிக்கு 1,340 ரூபாய் ஆகிறது. இரண்டாவது மாஸ்டரிடம் ஒன்பது மணிக்கு 5,400 ரூபாய், நிமிடத்துக்குப் 10 ரூபாய். விலை கூடுதல் என்று எனக்குப் பட்டவர்தான் பாதி விலைக்கும் குறைவானவர். இதில் முதல் பள்ளியின் 224 நிமிடத்தையும் அக்காவே ஓட்டியதாகத்தான் வைத்திருக்கிறேன். மாஸ்டரின் கால் ஓட்டிய நேரத்தைக் கழிக்க நான் முயலவில்லை. மூன்று நாள் எண்ணியதை 16 நாளுக்கும் நீட்டுவது நியாயமாக இருக்காது.

இன்னொரு நியாயமும் சொல்ல வேண்டும். இரண்டாவது மாஸ்டரிடம் வந்தவள் ஒன்றும் தெரியாதவள் இல்லை. ஸ்டியரிங், கியர் இருக்கும் இடம், சாலையில் இடம் பிடித்துப் போவது எல்லாம் முதல் இடத்தில் பழகியவை. வெறும் கையோடு வந்திருந்தால் ஒன்பது மணி நேரம் போதாது, பன்னிரண்டு பதினைந்து ஆகியிருக்கும் என்று அவரே சொன்னார். அப்படிப் பார்த்தால் 7,200 முதல் 9,000 ரூபாய் வரை. 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதி, காருக்கு 4 வாரத்தில் 29 மணி நேரம் கேட்கிறது, அதில் 21 மணி நேரம் செய்முறை. அங்கே தேறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. இந்த 21 மணி நேரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்றே முக்கால் மணி நேரத்தில் ஒருவரைச் சாலைக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று புரியும். அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுப்பது சாலையில் நடந்து போகிறவர்களும்தான்.

அக்கா மறுபடி தொடங்குவதாக இருந்தால் என்ன செய்வாள் என்று கேட்டேன். மொத்தமாகப் பணம் கட்ட மாட்டாள், முதலில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பாள். வண்டியில் வேறு யாரும் ஏறக் கூடாது என்று முன்பே பேசிக்கொள்வாள். லைசென்ஸ் வேலையைத் தனியாக வைத்துக்கொள்வாள், ஏனென்றால் இரண்டும் ஒரே ரசீதில் இருந்தால் பயிற்சி பின்னுக்குப் போய்விடுகிறது. இதைச் சொல்லிவிட்டு அவளே சேர்த்தாள்: “மாஸ்டர் நல்லவரா, கோவப்படறாரான்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. நானும் அதத்தான் கேட்டேன். அவர் காலைப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.”

ஒன்பதாம் மணி முடிந்ததும், பத்தாவதற்காக நீட்டிய பணத்தை மாஸ்டர் வாங்கவில்லை. “இனிமே நான் பக்கத்துல இருந்தா நீ என்னையே பாத்துட்டிருப்ப. பத்து நாள் தனியா ஓட்டு, எது வரலையோ அதுக்கு மட்டும் வா” என்றார். பத்து நாள் ஆகிவிட்டது. பாலம் வருகிறது, அண்ணா சிலை வருகிறது. தில்லைநகரில் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஓரமாக நுழைப்பதுதான் இன்னும் சரியாக வரவில்லை. காலி இடம் தேடி அடுத்த குறுக்குத் தெரு வரை போய்விடுகிறாள், அம்மாவுக்கு அவ்வளவு தூரம் நடக்க முடிவதில்லை. வரும் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம், அதற்கு மட்டும், அதே மாஸ்டரிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.